புதுசுக்கு வைத்த பொட்டு

"அண்ணே, ஓடிபி வந்துடுச்சா? சீக்கிரம் காட்டுங்கண்ணே," என்று புதுப் போன் மறுபடியும் நச்சரித்தது.

வந்துவிட்டதுதான். சிம் இன்னும் பழைய போனுக்குள்தானே கிடந்தது. அந்த நம்பரைக் காட்டிவிட்டால் சாட், போட்டோ எல்லாம் புதுசுக்குப் போய்விடும். அப்புறம் பழசுக்கு மேசை டிராயர்தான் கதி.

பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வளர்மதி அதன் முதுகில் குங்குமப் பொட்டு வைத்தாள். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்கக்கூட மனசில்லாமல், துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பழசுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"எனக்கு யாருடா பொட்டு வெச்சாங்க? பக்கெட் தண்ணியில போட்டுட்டு, அரிசி டின்னுக்குள்ள புதைச்சாங்க," என்றது.

"அதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்? எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியல. அக்காவோட பிரெண்ட்ஸ் பேர்கூட உங்ககிட்டதான் இருக்கு."

"தெரியாமலே இரு."

அதற்குள் வளர்மதி பழசை எடுத்து, "மெசேஜைத் திறந்து தொலை, சனியனே!" என்று கீறல் விழுந்த திரையைக் குத்தினாள். பழசு அசையவில்லை. இன்னொரு தடவை குத்தினாள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவள் மூச்சுக்காற்று கண்ணாடியில் பட்டது.

"என் செல்லம்ல, ஹேங் ஆகாதடா. ஒரே ஒரு தடவை காட்டிடு."

பழசு திரையில் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தது.