மொட்டை மாடி நிதி

"மேல வெயில் அடிச்சா கீழ இருக்கவன் எதுக்குவே குடை பிடிக்கணும்?"

கேட்டவர் சங்கரசுப்பிரமணியன். தரைத்தளத்துக்காரர். வண்ணார்பேட்டை 'பொருநை' அடுக்ககத்தின் மாதக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தது. பஜ்ஜி சங்கச் செலவு என்பதால் வருகைக்குக் குறைவில்லை.

செயலாளர் குமரகுருபரன் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இது மேல் வீட்டுக்கு மட்டும் இல்ல. நம்ம ஊர் வெயிலுக்குத் தளம் வெடிக்கும், குழாய் பொரிஞ்சு போகும். லிஃப்டுக்கும் வயசாகும். மாசாமாசம் கொஞ்சம் நிதி சேத்து வச்சா பின்னால கவலை இல்ல. முதல் வேலையா மாடிக்குக் குளிர்ச்சி ஓடு பதிச்சிரலாம்."

"நான் லிஃப்டுல ஏறுதேனா? மாடிக்குத்தான் வாரேனா? நீரு சொல்லுத காலத்துல நான் இருப்பேனோ என்னமோ!"

"அதானே!" என்றது நடுத்தளம், வாயில் பஜ்ஜியோடு.

மேல் தளத்து ரெக்சன் எழுந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். "வீட்டுக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது சார். கைப்புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வார சித்திரையும் இப்படித்தான்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு உவரிக்கு அம்மா வீட்டுக்கே போயிருவேன்னு எம் பொஞ்சாதி டெல்பின் சொல்லிட்டா."

"கடக்காத்துல புள்ள நல்லா வளரும்லா!" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் தோற்றது.

டெல்பின் பெட்டி கட்டிவிட்டதாக அன்று மாலையே முதல் தளத்துக் கோமு எல்லாத் தளத்துக்கும் சொன்னாள். அவள் பார்த்தது, மாடியில் ஒரு சூட்கேஸ் வெயில் காய்ந்ததை மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் குமரகுருபரன் நிதிப் பேச்சையே எடுக்கவில்லை.

"ஒருத்தர் நமக்குக் கல்லுல பிள்ளையார் செஞ்சு தாரேங்காரு. பேரச் சொல்லக்கூடாதாம். மொட்டை மாடியில, கன்னிமூலையில வைக்கணுமாம். அம்புட்டுதான்."

கோமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற தலைகள் ரெக்சன் பக்கம் திரும்பின. தென்மேற்கு மூலைக்கு நேர் கீழேதான் அவன் படுக்கையறை.

"ஏ தம்பி, ஒனக்கு ஆட்சேபணை எதுவும் உண்டுமா?" சங்கரசுப்பிரமணியன் ஆவலோடு கேட்டார்.

ரெக்சன் தரையைப் பார்த்தான். "எல்லாரும் சேந்து முடிவு பண்ணுனா, நான் ஒருத்தன் என்ன சொல்ல?"

அவன் முகம் வாடியதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிலை தருகிறவர் செயலாளரேதான் என்றும் முடிவு கட்டினார்கள்.

தை மாதம் பிள்ளையார் வந்து அமர்ந்தார். நல்ல கூட்டம். மாடிக்கே வராத சங்கரசுப்பிரமணியன், லிஃப்டில் ஏறிக் காலை, மதியம், மாலை என்று வந்து சுற்றினார்.

பங்குனி வந்தது. ஒரு மதியம், பாதிச் சுற்றில் அவர் துள்ளிக் குதித்தார்.

"ஏ, காலு பொசுங்குதே!"

அவசரக் கூட்டத்தை அவரே கூட்டினார். "சாமி இருக்க இடத்த இப்படியா போடுவாவ? மாடி பூராவும் குளிர்ச்சி ஓடு பதிக்கணும்வே!"

"சுத்துத வழிக்கு மட்டும் பதிச்சாப் போதாதா?" என்றாள் கோமு.

"சாமி காரியத்துல கஞ்சத்தனமா? வயசானவங்க ஏற லிஃப்டு ஒழுங்கா ஓடணும். பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிசேகம் வருமே, அதுக்கும் மராமத்துக்கும் இப்பமே மாசாமாசம் சேக்கணும்."

"பைய பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார் குமரகுருபரன்.

"என்னவே பேசுதீரு! சங்கம்னா பின்னால வரப்போறத யோசிக்க வேண்டாமா?"

ஒரு கை விடாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன. சித்திரை பிறப்பதற்குள் மாடி முழுக்க வெள்ளை ஓடு பளபளத்தது. நிதிக்குழுத் தலைவராகச் சங்கரசுப்பிரமணியன் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம் ரெக்சனின் கைப்பேசி ஒலித்தது. மயிலாடியிலிருந்து சிற்பி.

"தம்பி, நீங்க செய்யச் சொன்ன பிள்ளையார் எப்படி இருக்காரு?"

"சௌக்கியமா இருக்காரு அண்ணாச்சி. அவரு புண்ணியத்துல நாங்களும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன ரெக்சன், டெல்பினுக்குப் பக்கத்தில் தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டான்.