வெயிலில் வைத்த சாடிகள்

"ஐயோ, அங்கை வையாதை பிள்ளை. அந்தூரியத்துக்கு நல்ல வெயில் வேணும்" என்றாள் பத்மாசனி. அவள் பிரித்துக் கொடுத்த கன்றை வாங்கிய கையோடு மாமர நிழலில் வைத்த மருமகள் கௌசலா, நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட சாடியள் எல்லாம் நிழலுக்கைதானே நிக்குது, மாமி?"

"எனக்கு நாரி நோ. குனிஞ்சு தூக்கி வெயிலுக்கை வைக்க ஏலாமல் கிடக்குது."

சுத்தப் பொய். முரசுமோட்டை ஊரின் வெயிலை அந்தூரியம் தாங்காது என்று பத்மாசனிக்கு நன்றாகத் தெரியும். பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் அந்தச் சாடிகளைப் போலப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. மகன் பிரதாபன் காதலித்துக் கட்டிவந்த இந்தப் பெண்ணைத்தான் கண்ணில் காட்டக்கூடாது. தாய் தகப்பன் என்ன தொழில் என்றுகூட இதுவரை கேட்டதில்லை.

மாமி சொன்னபடி கிணற்றடி வெயிலில் வைத்த கௌசலாவின் கன்று கருகிச் செத்தது.

"இவளின்ர கைராசி அப்பிடி. வயித்திலை வந்ததும் தங்கேல்லை, சாடியிலை வைச்சதும் தங்கேல்லை" என்றாள் பத்மாசனி, மகனுக்குக் கேட்கும்படி. கௌசலா செத்த கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

சித்திரையில், முல்லைத்தீவில் இருந்த மகளுக்குத் திடீரென்று வலி கண்டது. பத்மாசனி உடுத்த சேலையோடு ஓடினாள். பேரனைக் குளிக்கவார்க்கும்போதுதான் சாடிகளின் நினைவு வந்தது.

கௌசலாவுக்குப் போன் எடுத்து, நிழலிலேயே இருக்கட்டும் என்று சொல்லலாம். சொன்னால் பழைய பொய் மகனுக்குத் தெரிந்துபோகும். "சாடியளைப் பாத்துக்கொள் பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துவிட்டு வந்து படலையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கிணற்றடி வெட்டையில், கொளுத்தும் வெயிலில், சாடிகள் வரிசையாக நின்றன. இலையெல்லாம் தீய்ந்த அப்பளம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"உங்களுக்கு நாரி நோ எண்டு இவள் தனியத் தூக்கி வெயிலுக்கை வைச்சவள், அம்மா. நீங்கள் சொன்னமாதிரித்தானே செய்தவள்?" என்றான் பிரதாபன் பாவமாக.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஒன்றும் தெரியாத மக்கு, தன் பேச்சை நம்பித்தானே செய்தது என்று பத்மாசனி அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

பிரதாபன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கௌசலா தேத்தண்ணியை நீட்டியபடி மாமியின் காதருகே குனிந்தாள்.

"எங்கட அம்மா அந்தூரியம் வித்துத்தான் என்னைப் படிப்பிச்சவா, மாமி."