கை தூக்கின தாய்

"பெத்த தாய் செய்யிற வேலையே இது?"

லவால் நீச்சல் தடாகத்திலிருந்து செயின்ட்-மிஷேல் வீட்டு வாசல் மட்டும் ஞானேந்திரன் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார். காரை ஓட்டியவள் மனைவி சிவமலர்.

வேறென்ன செய்வார் மனுசன்? பதினான்கு வயது மகள் தனுஷா, இருநூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் முதலாவதாக வந்து சுவரைத் தொட்டாள். தேசியப் போட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று இவர் துள்ளி எழும்பி, ரொறன்ரோவில் இருக்கிற தமையனுக்குப் போனும் அடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கரையில் வெள்ளைச் சட்டையோடு நின்ற நடுவரின் கை மேலே போனது. இரண்டு கையும் ஒன்றாய்ச் சுவரில் படவில்லையாம். பிள்ளையின் வெற்றி செல்லாதாம்.

அந்த நடுவர் வேறு ஆருமில்லை, சிவமலர்தான்.

பிள்ளை நீந்தினால் தாயோ தகப்பனோ ஓராள் போட்டிகளில் வேலை செய்துகொடுக்க வேண்டும் என்பது நீச்சல் கிளப்பின் சட்டம். "எனக்குக் கடை கிடக்கு" என்று இவர் நழுவிவிட, பிரெஞ்சில் சோதனை எழுதி நடுவரானவள் அவள்.

"அரை அங்குலம்! ஒருக்காக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டால் என்ன?"

"கண்டிட்டு எப்பிடியப்பா மூடுறது?"

"ஓ, அரிச்சந்திரன்ர பேத்தி! இனி உன்ர கையால பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்."

சொன்னபடியே, வீட்டுக்கு வந்ததும் தானே தேத்தண்ணி போடப் போனார். சீனிப் போத்தல் எங்கே என்று தெரியாது. கேட்க ரோசம் விடவில்லை. அலுமாரிக் கதவுகள் எல்லாம் படார் படாரென்று அடிபட்டன.

சிவமலர் போத்தலை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, உடுப்பு மாற்ற மேலே போனாள்.

அழுது அழுது மூக்குச் சிவந்திருந்த தனுஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவைப் பேசாதேங்கோ அப்பா. பிழை என்னிலதான்."

"உன்னில என்ன பிழை? அஞ்சு வருசமாய் ரெண்டு கையாலயும்தானே தொட்டனி?"

"ஓம். ஆனால் இண்டைக்குக் காலமை நீங்கள்தானே சொன்னனீங்கள், 'நல்ல காரியம் பிள்ளை, சகுனத்துக்கு வலக்கையை முன்னுக்கு வை' எண்டு. அந்தக் கை கொஞ்சமாய் முந்தினால் ஆருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்."

ஞானேந்திரன் கையிலிருந்த சீனிப் போத்தலைக் கீழே வைத்தார்.

"இதைக் கொம்மாட்டைச் சொன்னனியே?"

"அப்பவே சொன்னன். 'கொப்பருக்குச் சொல்லிப்போடாதை, மனுசன் தாங்காது. என்னையே பேசிப்போட்டுப் போகட்டும்' எண்டவ."