ஒராள் மட்டும்

வவுனியாவில் புதிதாகத் திறந்த இன்டர்நெற் கடையில், இருபத்தெட்டு வயது மகள் யாழினிக்கு மாப்பிள்ளை தேட உட்கார்ந்தாள் விமலேஸ்வரி. தட்டியவள் யாழினி.

"இந்துப் பெடியன் எண்டு போடு."

"எண்ணூறு பேர் அம்மா! சொல்லைக் கூட்டினால்தான் ஆக்கள் குறையும்."

"ஊர் உருத்திரபுரம். சொந்தத் தொழில்."

"ஒன்பது பேர்."

"குடி கூடாது. சீதனம் வேண்டாம்."

"ஒராள்!"

விமலேஸ்வரிக்கு வாயெல்லாம் பல். படம் மேலிருந்து மெல்ல விரிந்தது. சுருட்டை முடி, கண்ணாடி, மீசை. எங்கேயோ பார்த்த முகம்! நிமிர்ந்தாள். எதிர் மேசையில் அதே மீசை.

கடைக்காரன் வெட்கத்தோடு எழுந்தான்.

"செவ்வாய் தோஷத்தைக் கேக்க மறந்திட்டியள் மாமி. யாழினி சொன்னபடி அதையும் நேற்றே பதிஞ்சு வைச்சனான்."