வழக்கொழிந்த சொல்

"நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன்னு நீங்களே சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லிட்டா திரும்பி வர்றேன். இல்லேன்னா வெளியூர் வேலைக்கு பஸ் ஏறிடுவேன்" என்று மனைவி காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

இப்போது மணி நாலே முக்கால். அகராதி ஆசிரியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது பிறந்து வளர்ந்த கதையை ஒப்பிக்கிறவருக்குப் பெண்டாட்டியின் கோபம் எங்கே பிறந்தது என்று மட்டும் தெரியவில்லை.

மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"கல்யாண நாளை மறந்துட்டேனா?"

"இல்லை."

"எங்க அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"அத்தையை எதுக்கு இழுக்கறீங்க? அவங்க தங்கம்."

"கெஞ்சிக் கேக்கறேன்மா, நீயே சொல்லிடு. ரெண்டு வாரமா ஒரே சொல்லோட மல்லுக்கட்டினதுல வேற எதுவும் மண்டையில ஏறல."

"அப்படி என்ன வார்த்தை அது?"

"சீமாட்டி. 'ஸ்ரீ'ன்னா செல்வம். அதுல இருந்து சீமான் வந்தான், அவனுக்கு ஜோடியா சீமாட்டி வந்தா. பெரிய இடத்துப் பெண்களுக்கு மரியாதைப் பேர். இப்ப யாரும் சொல்றதில்லை. வழக்கொழிந்ததுன்னு எழுதி அச்சுக்கு அனுப்பிட்டேன்."

மறுமுனையில் பஸ் கிளம்பத் தயாராகி உறுமுவது கேட்டது.

"அதைத் திருத்திடுங்க" என்றாள் அவள். "போன ஞாயித்துக்கிழமை எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல். எழுந்திருக்க முடியாமப் படுத்திருந்தேன். நீங்க தொட்டுக்கூடப் பாக்காம, கதவோரம் நின்னு, 'சீமாட்டிக்கு இன்னும் விடியலையோ?'ன்னு கேட்டீங்க."