ஒரு நாள் தள்ளிச் செத்தவர்கள்

“அறுபத்து மூணு பேரை ஒரு நாள் தள்ளிக் கொன்னிருக்கீங்களேம்மா, உங்க பேப்பர்ல!”

உதவி ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். எழுபதைத் தாண்டிய பெரியவர். கையில் அன்றைய நாளிதழ், ‘இந்த நாள்’ பகுதி மேலே தெரியும்படி மடித்திருந்தது. அந்தப் பகுதி அவள் பொறுப்பு. இதே தேதியில் யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், எந்தப் பாலத்தைத் திறந்தார்கள் என்று தினமும் பத்து வரி. அவள் வாங்கும் சம்பளத்தில் பாதி வேலைக்கு, மீதி வசவுக்கு.

“உக்காருங்க ஐயா. என்ன தப்பு?”

“மேல் அணை வெள்ளம். பதினேழாம் தேதின்னு போட்டிருக்கு. அது பதினாறு.”

எதிர் மேசையில் பிழை திருத்துபவர் தலையைத் தூக்காமலே சிரித்தார். ஒரு காற்புள்ளிக்காக ஆசிரியரோடு மல்லுக்கு நின்ற நாளிலிருந்து அவருக்கு ‘கமா’ என்றே பெயர்.

“நேத்து ஒருத்தர் வந்து, ஏதோ விஞ்ஞானி ஒரு நாள் முன்னாடியே பொறந்துட்டார்னு குதிச்சார். இன்னைக்கு இவரா?”

“சும்மா இருங்கண்ணே.” அவள் பெரியவரிடம் திரும்பினாள். “ஐயா, இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்ன குடி முழுகிடும்?”

பெரியவர் நாளிதழை அவள் முன்னால் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை அழுத்தினார். “படிம்மா. சத்தமா படி.”

“‘சங்கு ஊதி எச்சரித்தும் கரையோர மக்கள் வெளியேற மறுத்ததால் அறுபத்து மூன்று பேர் பலி.’”

“மறுத்தாங்களாம்! தொட்டில்ல கிடந்ததுங்க மூணு. அதுங்களும் மறுத்துச்சா?” அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. “மதகைத் திறந்தது பதினாறாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு. சங்கு ஊதினது மறுநாள் காலையில ஆறு மணிக்கு. பொணத்துக்குத்தாம்மா சங்கு ஊதினாங்க.”

அவள் அலமாரியைத் திறந்து விசாரணை அறிக்கையை எடுத்தாள். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த புத்தகம்.

“பாருங்க, அணைப் பதிவேட்டோட நகல். பதினேழு, காலை ஆறு மணி, சங்கு. எட்டு மணி, மதகு திறப்பு. கீழே மதகு இயக்குபவர் கையெழுத்து. இதை நம்பவா, உங்க வாயை நம்பவா?”

“கரையோரத் தெரு ஜனங்க வருஷா வருஷம் கடுதாசி போடுவாங்களே. அதையெல்லாம் என்ன பண்ணீங்க?”

அவள் கண் தன்னையறியாமல் குப்பைக் கூடைக்குப் போய் வந்தது. கமாதான் பதில் சொன்னார். “உயிருக்குப் பயந்து ஓடின ஜனங்க. தேதி குழம்பியிருக்கும்னு விட்டுட்டோம்.”

“அவங்க பேச்சு வேணாம். உங்க பேப்பரையாவது நம்புவியா? அந்த வருஷம் பதினேழாம் தேதி காலைப் பேப்பரை எடு. எட்டாம் பக்கம், கீழே, வலது மூலை.”

பழைய இதழ்களைக் கட்டி வைத்த தொகுப்பை இழுத்துப் போட்டாள். தூசி மூக்கில் ஏறியது. எட்டாம் பக்கம். குடை விளம்பரத்துக்கும் தேர்வு முடிவுகளுக்கும் நடுவே இடம் நிரப்பப் போட்ட இரண்டு வரி:

‘கரையோரத் தெருவில் நேற்று மாலை திடீரென வெள்ளம் புகுந்தது. சேத விவரம் தெரியவில்லை.’

இரண்டு முறை படித்தாள். பதினேழாம் தேதி இதழ் விடிவதற்கு முன்பே அச்சாகி வண்டி ஏறியிருக்கும். பதிவேட்டின்படி அப்போது மதகு திறக்கவே இல்லை.

கமா எழுந்து வந்து குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

“இந்தப் பக்கத்தைத் திருத்தினவன் நான்தான்” என்றார். “ஒரு எழுத்துக்கூட விடாம படிச்சிருப்பேன்.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. ‘மறுத்ததால்’ என்ற சொல்லை அவளே ஆறு வருடமாக அச்சுக்கு அனுப்பியிருக்கிறாள்.

“மன்னிச்சிடுங்க ஐயா. உங்க வீட்ல யாரைப் பறிகொடுத்தீங்கன்னுகூட நான் கேக்கல.”

“என்னைய விடு. திருத்திப் போடுவியா?”

“போடுவேன். மூலையில இல்ல, நாளைக்கு முதல் பக்கத்துல. ஆசிரியர் கூடாதுன்னா வேலையை அவர் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டுப் போறேன்.” அறிக்கையைப் புரட்டி அந்த நகலை அறைந்தாள். “கொன்னதும் இல்லாம, செத்தவங்க தலையிலேயே பழியையும் கட்டியிருக்கான் இதை எழுதினவன்! இத்தனை வருஷம் அவனுக்குச் சோறு எப்படி இறங்குச்சு? உயிரோட இருக்கானா அந்தப் பாவி?”

“இருக்கான்.”

“பேரைப் போட்டு, படத்தையும் போட்டு நாறடிக்கிறேன். யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஓரம் நைந்துபோன அடையாள அட்டை ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

‘மதகு இயக்குபவர், மேல் அணை’ என்றிருந்தது. படத்தில் மீசை கறுப்பு. மற்றபடி அதே முகம்.