முதல் நடை

வீடு மாற்றித் தரும் தொழில் அவருக்கு. புது லாரியை மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"குலுங்காதே?"

"தொட்டில் மாதிரிப் போகும் சார். முதல் நடை பிடிச்சாச்சா?" என்றார் விற்பனையாளர்.

"ஆச்சு. ஒரு அம்மா தனியா வீடு மாறிப் போறாங்க. பழைய வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அவங்களோட கண்ணாடி அலமாரியில ஒரு கீறல் விழக்கூடாது."

"ஒரு நடைக்காகப் புது லாரியா! ரொம்பப் பழக்கமோ?"

"பழக்கம்தான்."

மறுவாரம் அந்த அம்மாவின் சாமான்களுக்கு அவரே போர்வை சுற்றி, கயிறு கட்டி லாரியில் ஏற்றினார். ஊரின் மறுகோடியில், மாடியிலிருந்த ஓர் அறை வீட்டில் இறக்கினார். அலமாரியில் ஒரு கீறல் இல்லை. அடுப்பை மாட்டினார். கேட்காமலே ஜன்னலுக்குத் திரைச்சீலையும் தொங்கவிட்டார். அதற்கு மேல் அங்கே அவருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

"நல்லபடியா கொண்டுவந்து சேர்த்துட்டீங்க," என்ற அந்த அம்மா, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"நம்ம வீட்டுச் சாவி. இனிமே எனக்கு எதுக்கு?"

"உன்கிட்டயே இருக்கட்டுமே..."

"வேண்டாங்க. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிஞ்சுபோச்சு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

காலி லாரியை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார் அவர். வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.